அக்குள் நெறி எடுத்த பிறகு கை வீங்காமல் தடுக்க மாத்திரை உண்டா?

ஈப்போவில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, அக்குளில் உள்ள நெறிகளையும் (நிணநீர்க் கணுக்கள்) எடுத்து முடித்துச் சுங்கை சிப்புட் திரும்பும் பெண்ணின் கையில் ஒரு மருந்துப் பை இருக்கும். வலிக்குப் பராசிட்டமோல், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மின், சில மாதம் கழித்து, புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தமோக்சிஃபென். வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் பக்கத்து லயத்திலிருந்து தையல்கடை வரை எல்லோரும் ஒன்றையே சொல்லுவார்கள்: "கை வீங்கிடும்மா, பாத்து இருந்துக்க." அதைக் கேட்டதும் பையைக் கொட்டிப் பார்த்து, இதில் வீங்காமல் தடுக்கிற மாத்திரை எது என்று தேடத் தோன்றும்.

அப்படி ஒன்று அதில் இருக்காது. டாக்டர் எழுத மறந்துவிட்டார் என்பதில்லை. அறுவைக்குப் பிறகு வரும் நிணநீர் வீக்கத்தைத் தடுக்கும் மருந்து என்று இதுவரை ஒன்றும் அங்கீகாரம் பெறவில்லை. அதற்காக மருந்துக்கும் இந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. சில மருந்துகள் சுற்றுவழியில் கையைக் காக்கின்றன. சில மருந்துகள் சும்மா இருக்கும் கையையும் வீங்க வைக்கும். இன்னும் சில, காசையும் கல்லீரலையும் தின்றுவிட்டு வீக்கத்தை அப்படியே விட்டுவைக்கும். மூன்றையும் பிரித்துப் பார்க்க, வீக்கம் எதனால் வருகிறது என்பது முதலில் புரிய வேண்டும்.

மதகு அடைத்த கால்வாய்

ரத்தக் குழாய்களிலிருந்து சதைக்குள் நாள் முழுக்க நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. அதோடு கொஞ்சம் புரதமும் வெளியே வரும். வெளியே வந்த புரதம் ரத்தக் குழாய்க்குள் திரும்பப் புக முடியாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே தனி வடிகால் இருக்கிறது: நிணநீர் நாளங்கள். உடல் முழுவதும் சேர்த்தால் ஒரு நாளைக்குச் சில லிட்டர் நீர் இந்த வழியாக ரத்தத்துக்குத் திரும்புகிறது. வழியில் ஆங்காங்கே நெறிகள் உண்டு. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அதே நெறிதான். அக்குளில் 20 முதல் 40 வரை இருக்கும். புற்றுநோய் மார்பிலிருந்து பரவும்போது முதலில் தங்குவது அங்கேதான் என்பதால் அவற்றை எடுத்துப் பார்க்கிறார்கள்.

செம்பனைத் தோட்டத்தில் நடந்தவர்களுக்கு மீதியைச் சொல்வது எளிது. மரங்களுக்கு இடையிலுள்ள சின்ன வாய்க்கால்கள் பெரிய கால்வாயில் சேரும். கால்வாயின் மதகை மூடிவிட்டால் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் வண்டலைப் படியவிடும். வண்டலில் லாலாங் புல் முளைத்துவிட்டால், பிறகு மதகைத் திறந்தாலும் தண்ணீர் பழையபடி ஓடாது.

கையிலும் இதே வரிசைதான். முதலில் தேங்குவது நீர். அந்தக் கட்டத்தில் விரலால் 10 விநாடி அழுத்தினால் குழி விழும், இரவு கையை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வீக்கம் வடிந்திருக்கும். தேங்கிய நீரில் புரதம் இருப்பதால் அழற்சி தொடங்குகிறது. டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. அவை சுரக்கும் இன்டர்லூக்கின் 4, இன்டர்லூக்கின் 13 போன்ற பொருள்கள் நார்த்திசுவை வளர்க்கின்றன. நார் மிஞ்சியிருக்கும் நாளங்களையும் நெரிக்கிறது. கடைசியில் கொழுப்பும் சேர்ந்து கை கெட்டிப்படும். இந்த நிலையில் குழி விழாது, உயர்த்தி வைத்தாலும் வடியாது.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நினைக்க வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஒரு கணக்கின்படி, அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினருக்குக் கை வீங்கியது. காவல் நெறி எனப்படும் முதல் ஒன்றிரண்டை மட்டும் எடுத்தவர்களில் அது 6 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தெரிந்துவிடும். ஐந்தாம் ஆண்டிலும் வரலாம், ஆனால் அது குறைவு. அக்குளுக்குக் கதிர்வீச்சு, உடல் பருமன், கையில் வரும் கிருமித்தொற்று ஆகிய மூன்றும் ஆபத்தைக் கூட்டுகின்றன. மலேசியாவின் 2012–2016 புற்றுநோய்ப் பதிவேட்டில், மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் அப்போதே 3ஆம் அல்லது 4ஆம் கட்டத்தில் இருந்தார்கள். தாமதமாக வந்தால் காவல் நெறியோடு நிறுத்த முடிவதில்லை. கை வீங்கும் ஆபத்தில் ஒரு பங்கு, கட்டியைக் காட்ட எத்தனை மாதம் தயங்கினோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

கருப்பை, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக இடுப்பு, தொடை இடுக்கு நெறிகளை எடுத்தவர்களுக்கு இதே வீக்கம் காலில் வரும். கீழே கை என்று எழுதியிருக்கும் இடத்தில் பெரும்பாலும் கால் என்றும் படித்துக்கொள்ளலாம்.

நீர் மாத்திரை ஏன் வேலை செய்யாது

வீக்கம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நீர் மாத்திரை. ஃபுருசமைட் வீட்டிலேயே கிடக்கும். அப்பாவுக்கு இதய நோய்க்குக் கொடுத்தது, கால் வீக்கம் ஒரே நாளில் வடிந்ததை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதனால் மகளின் கைக்கும் ஒன்று கொடுத்துப் பார்ப்பார்கள்.

இதய நோயில் தேங்குவது பெரும்பாலும் உப்பும் நீரும். சிறுநீரகம் உப்பை வெளியேற்றினால் நீர் கூடவே போய்விடும். நிணநீர் வீக்கத்தில் புரதம் இருக்கிறது, சிறுநீரகத்துக்கு அதைத் தொட வழியில்லை. மாத்திரை போட்டால் கையிலிருந்து கொஞ்சம் நீர் குறையலாம், ஆனால் வண்டல் அப்படியே கிடக்கும். மாத்திரையின் வேகம் தணிந்ததும் அந்தப் புரதமே மறுபடி நீரை இழுத்துவைக்கும். இதற்கிடையில் பொட்டாசியம் குறைந்து கெண்டைக்கால் இழுக்கும், வெயிலில் நின்றால் தலை சுற்றும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் நீர் மாத்திரை எழுதியிருந்தால் அதை விடாமல் சாப்பிட வேண்டும். கைக்கென்று சாப்பிட வேண்டாம்.

இரண்டாவதாகக் கேட்கப்படுவது யானைக்கால் மாத்திரை. இதைக் கேட்பவர்களைச் சிரித்து அனுப்பிவிடக் கூடாது, ஏனென்றால் கேள்வியில் பாதி சரி. யானைக்காலும் நிணநீர் வீக்கந்தான். கொசு வழியாக நுழையும் புழு நிணநீர் நாளத்தில் குடியிருந்து அதைக் கெடுக்கிறது. அந்தப் புழுக்களில் ஒன்றின் பெயர் புருகியா மலாயி. நம் மண்ணின் பெயரே அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டைஎத்தில்கார்பமசின் புழுவைக் கொல்கிறது, நாளம் கெடுவதற்கு முன்பே கொடுத்தால் யானைக்கால் வராமல் காக்கலாம். அறுவையில் நாளத்தை வெட்டியது கத்தி. கொல்வதற்கு அங்கே புழு இல்லை.

சோதித்துப் பார்த்த மருந்துகள்

ஆய்வாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. அதிகம் பேசப்பட்டது கூமரின். இலவங்கப்பட்டையின் மலிவு ரகத்திலும் உள்ள வாசனைப் பொருள் அது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் வேறு, இது வேறு. புரதத்தை விழுங்கும் செல்களைத் தூண்டி வண்டலைக் கரைக்கும் என்பது எண்ணம். தொடக்க ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 1999இல் அமெரிக்காவில் 140 பெண்களிடம், 200 மில்லிகிராம் வீதம் தினம் இருமுறை ஆறு மாதம் கொடுத்துச் சோதித்தபோது கையின் அளவு குறையவே இல்லை. 6 விழுக்காட்டினரின் ரத்தத்தில் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. அதற்கு முன்பே, 1996இல், கல்லீரல் பாதிப்பு காரணமாக ஆஸ்திரேலியா அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. இணையத்தில் நிணநீருக்கு இயற்கை மருந்து என்று விற்கும் மாத்திரைப் போத்தல்களில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அடுத்த எண்ணம் இதைவிடக் கூர்மையானது. வீக்கத்தைக் கெட்டிப்படுத்துவது அழற்சி என்றால், அழற்சியை அடக்கிப் பார்க்கலாமே? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ராக்சனின் குழு, மூட்டு வலிக்குப் பழகிய கெட்டோப்ரோஃபென் மருந்தை 75 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று முறை நான்கு மாதம் கொடுத்தது. 2018இல் வெளியான முடிவில் தோலின் தடிப்பு குறைந்து, தோல் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பியது தெரிந்தது. கையின் கொள்ளளவு குறிப்பிடும்படி குறையவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அது ஏற்கெனவே வீங்கியவர்களிடம் நடந்த சிறிய ஆய்வு. வீங்காத கையை அந்த மருந்து காக்கும் என்பதற்கு அதில் சான்று இல்லை. அதே குழு, அழற்சியைத் தூண்டும் லியூகோட்ரையீன் பி4 என்ற பொருளைக் குறிவைத்து உபெனிமெக்ஸ் என்ற மருந்தையும் கொண்டுவந்தது. எலிகளில் நன்றாக வேலை செய்தது. 2018இல் வந்த மனிதச் சோதனை முடிவில் பலன் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கெட்டோப்ரோஃபென் களிம்பாகவும் மருந்துக்கடையில் கிடைக்கும். ஆய்வு என்று எங்கோ படித்துவிட்டு அதை வாங்கிக் கையில் தேய்ப்பவர்கள் உண்டு. அந்தக் களிம்பு பட்ட தோல் வெயிலில் பட்டால் சிவந்து கொப்புளிக்கலாம், தடவுவதை நிறுத்திய பிறகும் சில வாரம் அந்த ஆபத்து இருக்கும். வெயிலில் வேலை செய்பவரின் கையில், அதுவும் நெறி எடுத்த பக்கத்தில், கொப்புளம் உடைவது கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும். மாத்திரையாகச் சாப்பிட்டால் வயிற்றுப்புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம் என்று வேறு தொல்லைகள்.

இன்னும் சில வழிகள் எலியில் வென்றவை. டாக்ரோலிமஸ் என்ற களிம்பு, புது நாளங்களை வளர்க்கத் தூண்டும் வெஜ்எஃப்-சி என்ற புரதம், 9-சிஸ் ரெட்டினோயிக் அமிலம். நிணநீர் வீக்கத்துக்கான மருந்தாக இவற்றில் எதுவும் ஆஸ்பத்திரி மருந்தகம் வரை இன்னும் வரவில்லை.

ஏன் இத்தனை சறுக்கல்? எலியின் வாலில் வெட்டினால் சில வாரத்தில் வீக்கம் வந்துவிடும். மனிதருக்கு மூன்று ஆண்டு வரை எடுக்கிறது. நெறியை முழுக்க எடுத்த ஐந்து பெண்களில் ஒருவருக்குத்தான் வீங்கும், ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் தடுப்பு மருந்தை ஐந்து பேருமே ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டும். வீங்கவே போகாத நாலு பேருக்கு வயிற்றுப்புண்ணோ கல்லீரல் கேடோ கொடுக்கும் மருந்தை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். நாளத்தை வளர்க்கும் மருந்து மிஞ்சிய புற்றுசெல் பரவவும் வழி போட்டுவிடுமோ, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து நோயைத் திரும்ப வரவிடுமோ என்ற பயம் வேறு. தலைவலி மாத்திரை அளவுக்குப் பாதுகாப்பாகவும், புற்றுநோயோடு மோதாமலும் இருக்கும் ஒன்று வேண்டும். அது கிடைக்கும்வரை காத்திருப்பதில் தவறில்லை. காத்திருக்கும்போது கையை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் நம் பொறுப்பு.

வீக்கத்தைக் கூட்டும் மாத்திரைகள்

பலர் யோசிக்காத பக்கம் இது. பையில் ஏற்கெனவே இருக்கும் மருந்துகளில் சில, திசுக்களில் நீரைக் கூட்டும். வடிகால் சரியாக உள்ள கைக்கு அது பெரிதில்லை. பாதி வடிகாலோடு இருக்கும் கைக்கு அதுவே சுமை.

அம்லோடிபின் இதில் முதலாவது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக்) ரத்த அழுத்தத்துக்கு அதிகம் தருவது இதைத்தான். கணுக்காலில் வீக்கம் வருவது அதன் பழகிய பக்கவிளைவு. இந்த வகை மாத்திரை சாப்பிட்ட மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நிணநீர் வீக்கம் கொஞ்சம் கூடுதலாகக் காணப்பட்டதாக அமெரிக்க ஆய்வும் உண்டு. நாமாக நிறுத்திவிடக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறினால் அது கை வீக்கத்தைவிடப் பெரிய ஆபத்து. அடுத்த முறை 1 வெள்ளி கட்டி கிளினிக்கில் உட்காரும்போது, அக்குள் நெறி எடுத்திருக்கிறது என்று சொல்லி, பெரிண்டோபிரில் மாதிரி வேறு வகை பொருந்துமா என்று கேளுங்கள். ஈப்போவில் அறுவை செய்ததை உள்ளூர் கிளினிக் கார்டில் எழுதாமல் விட்டிருப்பது அடிக்கடி நடப்பது. அதையும் எழுதச் சொல்லுங்கள்.

அறுவைக்குப் பின் வரும் எரிச்சல் வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின், பிரிகாபலின், நீரிழிவுக்கான பையோகிளிட்டசோன், கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவையும் நீரைத் தேக்கும் குணமுள்ளவை.

தமோக்சிஃபென் வேறு விதம். அது ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. நிணநீர் வீக்கம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல ஏறும். ஒரே நாளில் கையோ காலோ வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

டோசிடாக்செல் கீமோ போட்டவர்களுக்கு உடலில் நீர் தேங்கும் தொல்லை உண்டு. அதைத் தடுக்க ஒரு மருந்து உண்மையிலேயே இருக்கிறது: டெக்சமெத்தசோன். வழக்கமான முறையில் 8 மில்லிகிராம் வீதம் காலையும் மாலையும், கீமோவுக்கு முந்தின நாள் தொடங்கி மூன்று நாள். நிணநீர் வீக்கத்துக்கு இது மருந்தல்ல, கீமோ கொண்டுவரும் நீரைத்தான் இது தடுக்கிறது. ஆனால் அந்த நீர் அதே கையிலும் தேங்கும். இதில் தவறு இரண்டு இடத்தில் நடக்கும். முந்தின நாள் மாத்திரையை மறந்துவிட்டு, கீமோ அன்று காலை பஸ்ஸில் போகும்போது ஞாபகம் வருவது ஒன்று. அப்படி ஆனால் மறைக்காமல் நர்ஸிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று எண்ணிக்கை. இந்த மாத்திரை 0.5 மில்லிகிராமிலும் வருகிறது, 4 மில்லிகிராமிலும் வருகிறது. போன முறை இரண்டு சாப்பிட்டேன் என்று இந்த முறையும் இரண்டு சாப்பிட்டால், அளவு எட்டில் ஒரு பங்காகப் போயிருக்கும். பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பிரியுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அந்த மூன்று நாளும் சர்க்கரை ஏறும். மலேசியாவின் 2019 தேசிய உடல்நல ஆய்வில் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது என்பதால், நம்மவர்களிடம் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

தையல்கடை டேப் செய்யும் வேலை

மாத்திரை இல்லாத இடத்தில் அதிகம் உதவுவது அளவு. நீர் மட்டும் தேங்கியிருக்கும் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் திருப்பிவிடலாம். வண்டல் படிந்த பிறகு கட்டுப்படுத்தலாம், முழுக்கத் திருப்ப முடியாது. கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் அந்த முதல் கட்டம் போய்விடும்.

துணி டேப் ஒன்று போதும். அறுவைக்கு முன்பே இரண்டு கையையும் அளந்துவிடுவது நல்லது. முன்பு அளக்காதவர்கள் இன்றைக்கே தொடங்கலாம். மேசையில் கையை நீட்டி, மணிக்கட்டு எலும்பில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து மேலே 10, 20, 30, 40 சென்டிமீட்டரில் பேனாவால் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் டேப்பைத் தோலைத் தொடும்படி சுற்ற வேண்டும், சதை பிதுங்கும்படி இழுக்கக் கூடாது. இரண்டு கை, ஐந்து இடம், பத்து எண்கள். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு முறை, எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளப்பது முக்கியம். வேலை முடிந்து வரும் மாலையில் கை காலையைவிடப் பெரிதாக இருக்கும், ஒரு மாதம் காலையிலும் மறு மாதம் மாலையிலும் அளந்தால் இல்லாத வீக்கம் தெரியும்.

சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு புள்ளியில் 24, அடுத்ததில் 27 சென்டிமீட்டர் என்று வைப்போம். 24ஐ 24ஆல், 27ஐ 27ஆல், 24ஐ 27ஆல் பெருக்கி மூன்றையும் கூட்டினால் 1953. அதை இடைவெளியான 10ஆல் பெருக்கி 37.7ஆல் வகுத்தால் 518 மில்லிலிட்டர். அதுதான் அந்தத் துண்டுக் கையின் கொள்ளளவு. இரண்டு இடத்திலும் ஒன்றரை சென்டிமீட்டர் கூடி 25.5, 28.5 ஆனால், அதே கணக்கில் 581 வரும். ஒன்றரை சென்டிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு துண்டிலேயே 63 மில்லிலிட்டர், 12 விழுக்காடு ஏறிவிட்டது.

இதோடு மற்ற கையையும் ஒப்பிட வேண்டும். இரண்டு கையும் ஒரே அளவு ஏறியிருந்தால் உடல் எடை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் ஏதாவது ஒரு புள்ளியில் 2 சென்டிமீட்டர் கூடினாலோ, முழுக் கையின் கொள்ளளவு 5 முதல் 10 விழுக்காடு ஏறினாலோ, மருத்துவமனையின் ஃபிசியோ பிரிவுக்கோ சாராகெர்ஜா (தொழில்வழி சிகிச்சை) பிரிவுக்கோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போங்கள். டேப்புக்கு முன்பே சொல்லிவிடும் சாட்சிகளும் உண்டு: கண்ணாடி வளையல் கழற்றும்போது சோப்பு கேட்பது, ஒரு பக்க ரவிக்கைக் கை மட்டும் இறுக்குவது, கை கனக்கிறது என்ற உணர்வு.

அங்கே தரும் அழுத்த உறை (கையை இறுக்கிப் பிடிக்கும் துணி உறை) இந்தக் கட்டத்தில் மாத்திரையைவிட வலுவானது. மின்சாரம் வழியாக நீரை அளக்கும் கருவியால் முன்கூட்டிக் கண்டுபிடித்து, நான்கு வாரம் தினம் 12 மணி நேரம் உறை போட வைத்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. டேப்பால் மட்டும் கண்காணித்த குழுவைவிட அந்தக் குழுவில் நாள்பட்ட வீக்கம் பாதிக்கும் குறைவு. உறையை அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். அக்காவுக்குக் கொடுத்த பழைய உறையைப் போடுவது, கடையில் கிடைக்கும் பேண்டேஜ் துணியை இறுக்கிச் சுற்றுவது இரண்டும் தப்பு. மேல் விளிம்பு சுருண்டு கொண்டால் அது கயிறு கட்டினது மாதிரி, அதற்குக் கீழே வீக்கம் ஏறும். வியர்வையில் தினம் துவைக்க வேண்டியிருப்பதால் இரண்டு வேண்டும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும்.

கனம் தூக்கவே கூடாது என்ற பழைய அறிவுரை தளர்ந்துவிட்டது. மெல்ல மெல்லக் கனம் கூட்டிய பயிற்சி கையைக் கெடுக்கவில்லை என்று 2010இல் ஒரு சோதனை காட்டியது. ஐந்து நெறியோ அதற்கு மேலோ எடுத்தவர்களில், பயிற்சி செய்த குழுவில் 7 விழுக்காட்டினருக்கும் செய்யாத குழுவில் 22 விழுக்காட்டினருக்கும் கை வீங்கியது. அறுவை முடிந்த மாதமே செம்பனைக் குலையைத் தூக்குவது பயிற்சி ஆகாது. அதேபோல அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டார்கள், ஊசி போட்டுவிட்டார்கள் என்று மாதக்கணக்கில் பயப்படவும் தேவையில்லை. 2016இல் வெளியான ஆய்வில் அவற்றுக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது கிருமித்தொற்றுக்குத்தான்.

மருந்து உண்மையில் உதவும் இடம்

தொற்று ஒவ்வொரு முறை வரும்போதும் மிஞ்சிய நாளங்களில் சில அடைபடும். வீக்கம் கூடும். கூடிய வீக்கம் அடுத்த தொற்றுக்கு இடம் கொடுக்கும். இந்தச் சுழலை அறுப்பதில் மருந்துக்கு நேரடி வேலை இருக்கிறது.

முதல் மருந்து தோலுக்கு மேலே. தோல் வெடிக்காமல் இருக்கத் தினம் இரவு குளித்தபின் கிளினிக்கில் தரும் ஆக்வியஸ் கிரீம் போதும். காலில் வீக்கமுள்ளவர்கள் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸில் நின்றால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். கிருமி காலுக்குள் நுழைவதற்கு அதுவே வாசல். குளோட்ரிமசோல் 1 விழுக்காடு கிரீமைத் தினம் இருமுறை தடவி, புண் ஆறிய பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்துவதால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. உதிரிப் பழம் பொறுக்குபவர்களும் மட்டை இழுப்பவர்களும் முழங்கை வரை மூடும் தடித்த கையுறை போட வேண்டும். செம்பனை முள் குத்தினால் பிடுங்கிவிட்டுப் போய்விடாமல், சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி தடவி, அன்று இரவும் மறுநாள் காலையும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தொற்று வந்துவிட்டால் ஆன்டிபயாடிக். சாதாரண ஆளுக்கு ஐந்து, ஏழு நாளில் முடிக்கும் மருந்து வீங்கிய கைக்குப் போதாமல் போகலாம். பிரிட்டனின் நிணநீர் வீக்க வழிகாட்டுதல் குறைந்தது 14 நாள் என்கிறது. மூன்றாம் நாள் சிவப்பு மங்கியதும் மீதியை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வலிக்குப் பராசிட்டமோல் மட்டும். டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் தொற்று நேரத்தில் ஆபத்தானவை. வலி தாங்கும்வரை அழுத்த உறையும் வேண்டாம். டவுனிலிருந்து தள்ளியுள்ள தோட்டத்தில் இருப்பவர்கள், முன்பு ஒருமுறை தொற்று வந்திருந்தால், ஒரு சுற்று ஆன்டிபயாடிக்கை வீட்டில் வைத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். அந்த வழிகாட்டுதலில் அதற்கும் இடம் உண்டு. கீமோ நடந்துகொண்டிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலே நேரே மருத்துவமனைதான்.

மூன்றாவது, தொற்று வராமல் இருக்கவே தினசரிப் பென்சிலின். 2013இல் பிரிட்டனில் வெளியான சோதனையில், காலில் திரும்பத் திரும்பத் தொற்று வந்தவர்களுக்குப் பென்சிலின் 250 மில்லிகிராம் வீதம் தினம் இருமுறை 12 மாதம் கொடுத்தார்கள். மருந்து இல்லாத குழுவில் 37 விழுக்காட்டினருக்கு மறுபடி வந்தது, மருந்து சாப்பிட்ட குழுவில் 22. நிறுத்திய பிறகு அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது. ஆண்டுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ தொற்று வருபவர்கள் இதை டாக்டரிடம் பேசலாம். இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று: 2020இல் ஆஸ்திரேலியாவில் கான்பெராவில், நாள்பட்ட கால் வீக்கமுள்ளவர்களுக்கு அழுத்த உறை கொடுத்துப் பார்த்தபோது, உறை போடாத குழுவில் 40 விழுக்காட்டினருக்கும் போட்ட குழுவில் 15 விழுக்காட்டினருக்கும் மறு தொற்று வந்தது. துணியும் மாத்திரையும் இரண்டுமே மறு தொற்றைக் குறைக்கின்றன, ஆனால் துணியால் வயிற்றுப்போக்கு வராது.

தொற்று தொடங்கும் விதம் தெரிந்திருந்தால் நேரம் மிச்சம். மாலையில் உடம்பு நடுங்கும், பல் கிட்டும், டெங்கி காய்ச்சலோ என்று தோன்றும். கையில் சிவப்பு தெரிய இன்னும் சில மணி நேரம் ஆகலாம். அதனால் நடுக்கம் வந்ததுமே சட்டையைக் கழற்றி, நெறி எடுத்த பக்கத்தை அக்குள் முதல் விரல் நுனி வரை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையால் தொட்டு, மற்ற கையைவிடச் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது நம்பகமானது. இருந்தால், சூட்டின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிக் கிளினிக்குக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் 38 டிகிரிக்கு மேல் இருந்தாலோ, வாந்தி வந்தாலோ, போகும் வழியிலேயே கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, கிளினிக்கைத் தாண்டி நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.